வளையாத கட்டைகள்: நியூயார்க்கில் நான்கு நாள்

வியாழன், அக்டோபர் 10

காலையிலிருந்தே ஊசிக்காற்று. தூறல் போடுவதும் நிற்பதுமாக இருந்தது. நியூயார்க்குக்குப் பக்கத்து ஊரான எடிசனில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. "வீட்டுக்குள்ளேயே எத்தனை நாள்தான் இருப்பீங்கப்பா, உங்க பியானோக்காரங்க ஊருதானே, போய்ச் சுத்திட்டு வாங்க" என்று மகள்தான் கிளப்பினாள். டப்பாவில் தயிர்சாதம், இரண்டு மாவடு, மாப்பிள்ளையின் குடை. நியூயார்க் போகும் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது.

ஜாஸ் என்ற அமெரிக்க இசையின் பியானோ மேல் எனக்குப் பித்து வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் சித்தப்பா நாடகக் கம்பெனியில் ஹார்மோனியம் வாசித்தவர். கடைசிவரை அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. "பாடறவன் ஒரு சுரத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு வழுக்கிட்டுப் போவான். வயலின்காரனும் போவான். நான் படி ஏறி இறங்கத்தான்டா முடியும். கட்டை வளையாது" என்பார். விரலால் அழுத்துகிற கட்டையைச் சொல்வார். அகில இந்திய வானொலி 1940-இல் ஹார்மோனியத்துக்குத் தடை போட்டு, 1971 வரை அதை வைத்திருந்தது. சுரத்தை வளைக்கும் கமகம் வராத பெட்டி என்பது ஒரு முக்கியமான காரணம். அந்த அவமானத்தைச் சித்தப்பா தன் சொந்த அவமானமாகவே சுமந்தார்.

1978-இல் நான் கும்பகோணத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலையில் இருந்தேன். இரவுகளில் அறையில் சிற்றலை வானொலியைத் திருகிக்கொண்டிருப்பேன். அதில் ஒரு கனத்த குரல் நிறுத்தி நிதானமாக ஆங்கிலம் பேசும். வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் வில்லிஸ் கனோவர். 1955-இல் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உலகத்துக்கே ஜாஸ் ஊட்டிய மனிதர். அந்த ஒலிபரப்பை அமெரிக்காவுக்குள் செய்யக்கூடாது என்று சட்டம் இருந்ததால் சொந்த ஊரில் அவர் பெயர் பலருக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் அமெரிக்க நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் ஒரு ராத்திரி பில் எவன்ஸ் என்பவரின் பியானோவைப் போட்டார். இரைச்சலுக்கு நடுவில் மங்கலாகத்தான் கேட்டது. கட்டை வாத்தியம்தான், ஆனால் அழுதது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வளையாத கட்டை எப்படி அழும் என்ற கேள்வி அன்று பிடித்தது, நாற்பது வருஷமாக விடவில்லை.

லிங்கன் சுரங்கப்பாதைக்குள் நுழையுமுன் பேருந்து பெரிய வளைவில் சுற்றி இறங்கியது. நதிக்கு அந்தப் பக்கம் மன்ஹாட்டன் முழுசும் மேகத்துக்குள் நின்றது. எல்லோரும் அதைப் படம் எடுத்தார்கள். நான் இந்தப் பக்கத்தைப் பார்த்தேன், ஏனென்றால் இது வீஹாக்கன். ஜாஸ் பியானோ மேதை தெலோனியஸ் மாங்க் தன் கடைசி ஆண்டுகளில் இங்கே ஒரு சிநேகிதியின் வீட்டில்தான் இருந்தார். அந்த வீட்டில் பியானோ இருந்தும் ஏறக்குறைய தொடாமலே இருந்து, 1982 பிப்ரவரியில் காலமானார்.

அவருடைய பிறந்தநாள் 1917, அக்டோபர் 10. அதனால்தான் இன்றைக்குக் கிளம்பினேன். மேற்கு 63-ஆம் தெருவில் ஃபிப்ஸ் குடியிருப்பு. சின்னப் பையனாக வந்து, வாழ்நாளில் பெரும்பகுதியை அந்தச் செங்கல் கட்டடத்தில் கழித்தவர். சுற்றியிருந்த கறுப்பின மக்களின் பேட்டையை இடித்துத்தான் லிங்கன் சென்டர் என்ற பெரிய கலையரங்க வளாகத்தைக் கட்டினார்கள். இந்தக் கட்டடம் தப்பியது. வாசலில் மாலை, மெழுகுவத்தி ஏதாவது இருக்கும் என்று நினைத்துப் போனேன். ஒன்றுமில்லை. அவர் பெயர் எழுதிய தெருப்பலகை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

காய்கறித் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு வந்த ஒரு பாட்டியம்மா, வழி தவறிவிட்டீர்களா என்று நின்று கேட்டார். மாங்குக்கு இன்று பிறந்தநாள், அதான் வந்தேன் என்றேன். என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "எங்கிருந்து?" இந்தியா என்றேன். வண்டியின் பிடியை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்படியென்றால் வாழ்த்தைச் சொல்லிவிட்டுப் போங்கள், நான் நிற்கிறேன்." சொன்னேன். அவர் நின்றார். அப்புறம் தலையை அசைத்துவிட்டு வண்டியை இழுத்துக்கொண்டு போனார்.

பக்கத்தில் ஒரு கடையில் காபியும் டோனட்டும் ஐந்து டாலர். பெஞ்சில் ஈரத்தைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, காதில் ஒலிப்பானை வைத்துக்கொண்டு மாங்கைக் கேட்டேன். அவர் அடிக்கடி ஒரு காரியம் செய்வார். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்திவிட்டு, ஒன்றிலிருந்து சட்டென்று விரலை எடுத்துவிடுவார். இரண்டுக்கும் நடுவில், பியானோவில் இல்லாத ஒரு சுரம் அந்த இடுக்கில் கேட்பது போல இருக்கும். சித்தப்பா, இதைக் கேட்டீர்களா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

1957-இல் மாங்க் தன் மனைவி நெல்லி உடம்பு முடியாமல் மருத்துவமனையில் இருந்த நாட்களில் ஒரு மெட்டுப் போட்டார், அவள் பெயரை வைத்தே. ஜாஸ் என்றாலே மெட்டை வாசித்துவிட்டு, அந்த நேரத்துக் கற்பனையில் வாசிக்கும் மனோதர்மத்துக்குப் போவதுதான் வழக்கம். இதில் மட்டும் அவர் போகவே மாட்டார். எழுதியபடியே, ஒவ்வொரு தடவையும், தட்டித் தடவி நடப்பது போல வாசித்து நிறுத்திவிடுவார். காபி ஆறும்வரை மூன்று தரம் கேட்டேன். தொண்டையில் என்னவோ அடைத்துக்கொண்டு, மீதி டோனட் இறங்கவில்லை.

வெள்ளி, அக்டோபர் 11

மதியம் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் சாப்பாடு. பூங்காவின் தெற்கு ஓரத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் தோசை வண்டியில் நின்றேன். வரிசையில் பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். "ஐயா, எந்த ஊர்?" என்றார். கும்பகோணம் என்றதும் சாம்பாரை இன்னொரு கரண்டி ஊற்றினார். எட்டு டாலருக்குக் குறைவாகத்தான் ஆயிற்று. இந்த ஊரில் இதைவிட வயிறு நிறைய எங்கேயும் சாப்பிட முடியாது. வாழை இலை மட்டும்தான் குறை.

அப்புறம் இன்றைய சங்கடம். வில்லேஜ் வேன்கார்ட் என்ற ஜாஸ் அரங்கில் முதல் காட்சி என்று நினைத்து எட்டு மணிக்கே போய் நின்றேன். மகள் அனுப்பிய டிக்கெட்டைப் பார்த்தால் இரண்டாம் காட்சி. கதவில் நின்ற பெண் மிகவும் வருத்தப்பட்டாள், ஆனால் உள்ளே இடமில்லை. 35 டாலர் கொடுத்து வாங்கியது. விட்டுவிட்டு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. ஒரு பீட்சாக் கடையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். கடைக்காரர் ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. மழை வலுத்ததும், கண்ணாடியோரம் குளிரும், உள்ளே வாருங்கள் என்று தானே நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

சிவப்புப் பந்தல், சிவப்புக் கதவு, கீழே பதினைந்து படி. நிலவறை. ஆப்பு மாதிரி ஒரு பக்கம் அகன்று, மேடைப் பக்கம் குறுகிக்கொண்டே போகும் அறை. 1935-லிருந்து இதே இடம். 123 பேர்தான் உட்காரலாம். முழங்கால் முழங்காலை இடிக்கும். சாப்பாடு கிடையாது, ஏதாவது ஒரு பானம் வாங்கியாக வேண்டும். நான் இஞ்சி சோடா வாங்கினேன். பேசக்கூடாது, படம் எடுக்கக்கூடாது.

இந்த அறைக்குள் வரத்தான் நாற்பது வருஷம். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. பில் எவன்ஸ் பியானோ, ஸ்காட் லஃபாரோ பாஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம், பால் மோஷியன் டிரம்ஸ். மதியமும் இரவுமாக ஐந்து முறை இதே மேடையில் வாசித்தார்கள், எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்தார்கள். இந்தப் பதிவை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அதில் கண்ணாடித் தம்ளர் மோதும். யாரோ ஒரு பெண் சிரிப்பாள். பின்னால் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு வந்தவர்களுக்கு அது இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவுதான். பதினோராம் நாள் லஃபாரோ கார் விபத்தில் போய்விட்டார். இருபத்தைந்து வயது. எவன்ஸ் மாதக்கணக்கில் மேடைக்கே வரவில்லை. அந்தப் பெண் சிரிக்கும் இடம் வரும்போதெல்லாம், அம்மா, கொஞ்சம் கேளுங்கள், இனி கிடைக்காது என்று அவளிடம் சொல்லத் தோன்றும்.

எவன்ஸ் வாசிப்பில் ஒரு சூட்சுமம் உண்டு. இடது கை பிடிக்கும் சுரக்கூட்டில், அதாவது சேர்த்து அழுத்தும் சுரங்களில், ஆதார சுரத்தையே பல நேரம் விட்டுவிடுவார். அதை பாஸ் வாசிப்பவர் தரட்டும், அல்லது கேட்பவர் மனசு போட்டுக்கொள்ளட்டும் என்று இடம் விடுவார். தம்புரா ஸ என்ற ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்ற தைரியத்தில் பாடகர் ஷட்ஜத்துக்கு வராமலே சுற்றிச் சுற்றி வந்து நம்மைத் தவிக்க விடுவாரே, அந்தத் தவிப்புதான் இது. லஃபாரோவும் சும்மா ஆதாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை, அவரும் பதிலுக்குப் பதில் பேசுவார். கீழே தரை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இரண்டு பேரும் மிதப்பார்கள். கேட்கிறவனுக்கு வயிற்றில் ஒரு வெறுமை வரும், ஊஞ்சல் உச்சியில் வருமே, அது.

இன்று மேடையில் மூன்று பேர்தான், பியானோ, பாஸ், டிரம்ஸ். வாசித்தவர் இளைஞர். முதல் இரண்டு உருப்படி வேகம், எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, விரல் வித்தையாகவே போய்விட்டது. மூன்றாவது விளம்ப காலம், மெதுவான நடை. என் மேஜையில் தொப்பி வைத்த பெரியவர் ஒருவர், எழுபத்தைந்து வயதிருக்கும், தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தவர் தட்டுவதை நிறுத்திவிட்டார். பியானோக்காரர் மேல் ஸ்தாயியில் ஒரே ஒரு சுரத்தை வைத்துவிட்டுக் கையை எடுத்தார். அது ஓய்ந்துகொண்டே போனது. தெருவுக்கு அடியில் ரயில் போகும் அதிர்வு காலில் தெரிந்தது. பெரியவர் "ம்ம்" என்றார். கச்சேரியில் முன்வரிசை மாமா "ஆஹா" என்பாரே, சரியாக அந்த இடம், அந்த நீளம். எனக்கும் அதே நொடியில் வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

முடிந்ததும் ஊர் விசாரித்தார். தமிழ்நாடு என்றதும், "விஜய் ஐயரைத் தெரியுமா?" என்று கேட்டார். தமிழ்ப் பெற்றோருக்கு நியூயார்க் மாநிலத்திலேயே பிறந்து, பியானோவைப் பெரும்பாலும் தானே கற்று, இன்று ஹார்வர்டில் பேராசிரியராக இருப்பவர். தெரியும், எங்கள் தாளக் கணக்கு அவர் வாசிப்பில் கேட்கும் என்றேன். பெரியவர் மேஜையில் ஏழு எண்ணித் தட்டிக் காட்டினார். சரியாகத் தட்டினார்.

கடைசிப் பேருந்தை ஓடிப் பிடித்து வீடு சேர்ந்தபோது ராத்திரி இரண்டு மணி. மகள் தூங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

சனி, அக்டோபர் 12

கால் வீங்கிவிட்டது. எங்கும் போகவில்லை. வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு அந்த 1961 பதிவைக் கேட்டேன். நேற்று உட்கார்ந்த மேஜை இந்தச் சிரிப்புக்கு எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேத்திக்கு ஒரு சின்ன கீபோர்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கட்டையை அழுத்தி, சத்தம் போகும்வரை விரலை எடுக்காதே என்றேன். காதைப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு கேட்டாள். "போயிடுச்சா தாத்தா?" "உனக்குக் கேக்குதா?" "எனக்கு இன்னும் கொஞ்சூண்டு கேக்குது." எனக்குக் கேட்கவில்லை. வயசுக் காது.

யோசித்துப் பார்த்தால் ஹார்மோனியத்துக்கும் பியானோவுக்கும் வித்தியாசம் இங்கேதான். துருத்தி ஊதும்வரை ஹார்மோனியச் சுரம் நிற்கும். பியானோவில் சுத்தி தந்தியைத் தட்டிய மறுநொடியே சத்தம் சாக ஆரம்பித்துவிடும். வாசிப்பவரால் அதைப் பெரிதாக்க முடியாது, வளைக்கவும் முடியாது. எவ்வளவு நேரம் விட்டுவைப்பது, அடுத்ததை எப்போது வைப்பது, அது மட்டும்தான் அவர் கையில் இருக்கிறது. சித்தப்பாவிடம் இதைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. அவர் போய் முப்பது வருஷமாகிறது.

ஞாயிறு, அக்டோபர் 13

நல்ல வெயில். இன்று கறுப்பின மக்களின் பேட்டையான ஹார்லத்துக்கும் மேலே, எட்ஜ்கோம்ப் அவென்யூ 555. கனோவர் நிகழ்ச்சியின் முகப்பு இசை டியூக் எலிங்டன் குழுவின் 'டேக் தி ஏ ட்ரெயின்'. ஹார்லம் போக ஏ ரயிலைப் பிடி என்கிற பாட்டு. கும்பகோணத்தில் கேட்ட அந்த ரயிலில் இன்று நிஜமாகவே ஏறினேன். 59-ஆம் தெருவிலிருந்து 125 வரை எங்கும் நிற்காமல் பறந்தது. 145-இல் இறங்கி வேறு ரயில் மாறியிருக்க வேண்டும். மனசுக்குள் அந்த மெட்டு ஓடிக்கொண்டிருந்ததில் விட்டுவிட்டேன். 168-இல்தான் நின்றது. எட்டுத் தெரு திரும்பி நடந்தேன். அதுவும் நல்லதாயிற்று. வழியில் கல் பாவிய ஒரு சந்து, இரண்டு பக்கமும் மரவீடுகள், அதன் முடிவில் 1765-இல் கட்டிய, வெள்ளையடித்த மாளிகை ஒன்று, முன்னால் புல்வெளி. அந்தப் புல்வெளிக்கு இந்தக் கதையில் பங்கு உண்டு.

மார்ஜரி எலியட் என்ற பியானோக் கலைஞர் 1992-இல் தன் மகன் ஃபிலிப்பை இழந்தார். மகன் நினைவாக அந்தப் புல்வெளியில் ஒரு கச்சேரி வைத்தார். பிறகு ஞாயிறுதோறும் தன் வீட்டுக் கூடத்திலேயே வைக்கத் தொடங்கினார். மகன் இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளைத் தாங்க வேறு வழி தெரியவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக ஞாயிறு பிற்பகல் மூன்றரைக்கு மூன்றாம் மாடிக் கதவு திறந்திருக்கிறது. கட்டணம் கிடையாது, பெயர் கொடுக்க வேண்டியதில்லை, யாரும் வரலாம். நூறு வருஷத்துக்கு முன்னால் இதே ஹார்லத்தில் வாடகை கட்டப் பணமில்லாதவர்கள் வீட்டில் பியானோக்காரர்களை உட்காரவைத்து, வருகிறவர்களிடம் சில்லறை வாங்கி வாடகை கொடுப்பார்களாம். ஜாஸ் பியானோ கூடங்களில் வளர்ந்த பிள்ளைதான்.

கட்டடத்தின் முகப்புக் கூடத்தில் வண்ணக் கண்ணாடி விதானம். ஜாஸ் பியானோக்காரர் கவுன்ட் பேஸியும் பாடகர் பால் ரோப்சனும் குடியிருந்த இடம். நான் மேலே போனபோது பத்து நிமிஷம் தாமதம். கூடம் நிறைந்து, நடைவழியிலும் மடக்கு நாற்காலி போட்டு, அதுவும் நிறைந்திருந்தது. சமையலறை வாசலில் நின்றேன். ஒரு பையன் சட்டென்று எழுந்து, தன் நாற்காலியைக் காட்டிவிட்டுச் சுவரோரம் தரையில் உட்கார்ந்துகொண்டான். பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டி. கூடத்தில் வாசிப்பவர் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது.

தேவாலயப் பாட்டு மாதிரி ஒன்று, மிக மெதுவாக. வேன்கார்டில் கேட்ட தேர்ச்சி இங்கே தேவைப்படவே இல்லை. ஒரு சுரக்கூட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நீண்ட இடைவெளி. வாசிப்பவர் ஏதோ யோசிக்கிறார், வேண்டாம் என்று விடுகிறார், திரும்ப எடுக்கிறார் என்பது வரை கேட்டது. எனக்கு முன்னால் இருந்த அம்மாளின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அவருக்குப் பக்கத்திலிருந்த பெண், முன்பின் தெரியாதவள் என்றுதான் நினைக்கிறேன், திரும்பிப் பார்க்காமலே ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். பார்வையைக் கூடத்தை விட்டு எடுக்கவில்லை. துக்க வீட்டில் நம் பெண்கள் செய்வது போல இருந்தது, பேச்சில்லாமல், அதுபாட்டுக்கு.

நான் அழுதேன். யாருக்காக என்று சொல்லத் தெரியவில்லை. சித்தப்பா முகம் வந்தது. நாடகம் முடிந்த ராத்திரிகளில் பெட்டியைத் துணியால் துடைத்து மூடுவாரே, அந்தக் கை வந்தது.

இடைவேளையில் எல்லோருக்கும் காகிதக் கோப்பையில் ஜூஸும், ஆளுக்கொரு கிரானோலா பாரும் வந்தது. அந்தப் பையன் வந்து, முன்னால் ஒரு இடம் காலியாகியிருக்கிறது, நீங்கள் போங்கள் என்று என்னைக் கூட்டிப்போய் உட்காரவைத்தான். பியானோவுக்கு நான்கடி தூரம். சாக்ஸபோனும் பாட்டுமாக வேறு கலைஞர்கள் வாசித்த பிறகு, கடைசியில் மார்ஜரி எலியட் மறுபடி தனியாக உட்கார்ந்தார். இப்போது கை தெரிந்தது. முதிர்ந்த விரல்கள். கட்டையை அழுத்துவதைவிட அதை விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டார். தூங்கும் குழந்தையின் தலைக்கு அடியிலிருந்து கையை உருவுவது போல.

கடைசிச் சுரக்கூடு. இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துவிட்டார், ஆனால் வலது கால் பியானோவின் மிதியிலேயே இருந்தது. மிதித்திருக்கும்வரை தந்திகள் தாமாகவே முழங்கும். அறையில் நாற்பது ஐம்பது பேர், ஒருவரும் அசையவில்லை. சத்தம் குறைந்து குறைந்து போயிற்று. எனக்கு நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த பையன் இன்னும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் அவர் காலைப் பார்த்தேன். வெகுநேரம் கழித்து, மெதுவாக, மிதியிலிருந்து எடுத்தார்.